அமெரிக்கப் படைப்பெழுத்து முதுகலைப் படிப்புகளில் இனப் பன்மை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.எஃப்.ஏ. என்பது என்ன படிப்பு?

மாஸ்டர் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்பதன் சுருக்கம்; கதை, கவிதை, கட்டுரை எழுதுவதில் முதுகலைப் பட்டம். அமெரிக்காவில் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் படிக்க வேண்டும். முடிக்கும்போது ஒரு நாவலையோ, சிறுகதை அல்லது கவிதைத் தொகுப்பையோ ஆய்வேட்டின் இடத்தில் சமர்ப்பிக்க வேண்டும். இதன் தாய்வீடு அயோவா பல்கலைக்கழகம்; அங்கு எழுத்தாளர் பட்டறை 1936-இல் தொடங்கியது. இன்று அந்நாட்டில் இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் இந்தப் பட்டம் வழங்கப்படுகிறது. அங்கு இலக்கியம் எழுதுபவர்களில் பெரும் பகுதியினர் இந்த வகுப்பறைகளின் வழியாகவே பதிப்பாளர்களிடமும் பேராசிரியர் வேலைகளுக்கும் போய்ச் சேர்கிறார்கள். ஆகவே உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அந்நாட்டு இலக்கியத்தையே தீர்மானிக்கும் விஷயம்.

எழுத்து தனிமனிதத் திறமைதானே? அதில் எழுதுபவரின் இனம் எங்கிருந்து வருகிறது?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பதில் பட்டறை நடக்கும் விதத்தில் இருக்கிறது.

பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவருடைய கதையை மற்றவர்கள் முன்னதாகவே வாசித்துக் குறிப்பெழுதி வந்திருப்பார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் அந்தக் கதையைப் பற்றிப் பேசுவார்கள். மரபான முறையில், எழுதியவர் அந்த நேரம் முழுவதும் வாய் திறக்கக் கூடாது. நூல் கடைக்குப் போன பிறகு எழுத்தாளர் ஒவ்வொரு வாசகரின் தோளருகிலும் நின்று விளக்க முடியாது, அதற்கு இது பயிற்சி என்று அதற்கு நியாயம் சொல்லப்பட்டது.

எல்லோரும் ஏறக்குறைய ஒரே உலகத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தால் இந்த முறை நன்றாகவே வேலை செய்யும். மேசையில் ஒரே ஒரு கறுப்பின மாணவி இருக்கும்போது நிலைமை மாறுகிறது. அவள் கதையில் பாட்டி பேசும் மொழி புரியவில்லை என்று ஒருவர் சொல்வார். இந்தக் குடும்பத்தில் இத்தனை பேர் ஏன் என்று இன்னொருவர் கேட்பார். காவலரைக் கண்டதும் அந்தச் சிறுவன் ஓடுவது நம்பும்படி இல்லை என்பார் மூன்றாமவர். அவளுக்கு விடை தெரியும், ஆனால் பேச அனுமதி இல்லை. நுணுக்கம் பற்றிய விமர்சனமாகத் தோன்றும் பல கருத்துகள், உண்மையில் வாசகரின் அனுபவ எல்லையைக் காட்டுபவை. அதைச் சுட்டிக்காட்ட அந்த அறையில் இன்னொருவர் இல்லையென்றால், அவள் தன் கதையைத்தான் திருத்துவாள். சேர்க்கைப் பட்டியலைவிட என்னை அதிகம் கவலைகொள்ளச் செய்வது இதுதான்: ஒருவருக்கு இடம் கொடுத்துவிட்டு, அவருடைய எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்களை அந்த அறைக்குள் கொண்டுவராமல் விடுவது.

சட்டம் இதைப் பற்றி எப்போதாவது பேசியிருக்கிறதா?

1950-இலேயே பேசியது. ஜார்ஜ் மெக்லாரின் என்ற கறுப்பின ஆசிரியர் ஓக்லஹாமா பல்கலைக்கழகத்தில் கல்வியியல் முனைவர் பட்டத்துக்குச் சேர விரும்பினார். நீதிமன்ற உத்தரவால் 1948-இல் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் வகுப்பறையை ஒட்டிய ஒரு சிறு அறையில் தனி மேசை, நூலகத்தில் தனி மேசை, உணவுக்கூடத்தில் தனி மேசையும் தனி நேரமும் ஒதுக்கினார்கள். பாடம் அவர் காதில் விழுந்தது, புத்தகமும் கிடைத்தது. அப்படியிருந்தும் உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது. சக மாணவர்களோடு விவாதிக்கவும் கருத்துப் பரிமாறவும் முடியாமல் போவது அவர் கல்வியையே கெடுக்கிறது என்பது தீர்ப்பின் சாரம். கறுப்பினத்தவர் என்பதற்காக டெக்ஸஸ் சட்டக் கல்லூரி இடம் மறுத்த ஹீமன் ஸ்வெட்டின் வழக்கிலும் அதே நாளில் தீர்ப்பு வந்தது. பள்ளிகளில் இனப் பிரிவினையைச் சட்டவிரோதமாக்கிய 1954 தீர்ப்புக்கு இவை இரண்டும் வழி திறந்தன.

விவாதமே பாடமாக இருக்கும் படைப்பெழுத்து வகுப்புக்கு, மெக்லாரின் தீர்ப்பு வேறெந்தப் படிப்பையும்விடக் கூடுதலாகப் பொருந்தும்.

தொடக்க காலத்தில் வெள்ளையர் மட்டும்தான் படித்தார்களா?

இல்லை. ஆனால் மற்றவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். மார்கரெட் வாக்கர் 1940-இல் அயோவாவில் முதுகலைப் பட்டம் பெற்றார்; அவர் ஆய்வேடாகக் கொடுத்த கவிதைகள் 1942-இல் யேல் இளங்கவிஞர் வரிசைப் பரிசைப் பெற்று நூலாயின. அந்தப் பரிசைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். கால் நூற்றாண்டு கழித்து அதே அயோவாவுக்குத் திரும்பி, தன் கொள்ளுப்பாட்டியின் அடிமை வாழ்வை நாவலாக எழுதி 1965-இல் முனைவர் பட்டமும் பெற்றார். பின்னர் அதே பட்டறையில் படித்த ஜேம்ஸ் ஆலன் மெக்ஃபெர்சன், புனைவுக்கான புலிட்சர் பரிசைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். அது 1978-இல். 1981 முதல் அவர் அங்கேயே கற்பித்தார்.

இப்படிச் சிலர் இருந்ததைக் காட்டி, கதவு திறந்துதானே இருந்தது என்று வாதிடுவோர் உண்டு. தனியாளாக அந்த அறைக்குள் உட்கார்ந்திருப்பது எப்படி இருந்தது என்பதையும் அவர்கள் கேட்க வேண்டும்.

எப்படி இருந்தது?

சாண்ட்ரா சிஸ்நெரோஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். சிகாகோவில் மெக்சிகக் குடும்பத்தில் பிறந்தவர். 1970-களின் பிற்பகுதியில் அயோவாவில் படித்தார். ஒரு கருத்தரங்க வகுப்பில் வீடு என்பது நினைவில் எப்படி வாழ்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மாடி அறையும் பரணும் படிக்கட்டும் உள்ள வீடுகளைச் சக மாணவர்கள் இயல்பாகப் பேசப் பேச, அப்படியொரு வீடு தன் நினைவில் எங்குமே இல்லை என்பது அவருக்கு உறைத்தது. வாடகைக் குடியிருப்புகளில் வளர்ந்தவர் அவர். அவமானமும் கோபமும் சேர்ந்து வந்தன. இந்த அறையில் வேறு யாராலும் எழுத முடியாததை எழுதுவேன் என்று முடிவெடுத்தார். அப்படிப் பிறந்த சிறு நாவல் 1984-இல் ஹூஸ்டனில் இருந்த லத்தீன் வழி அமெரிக்கர்களுக்கான ஒரு சிறிய பதிப்பகம் வழியாக வந்தது. இன்று அமெரிக்கப் பள்ளிகளில் பரவலாகப் பாடமாக இருக்கும் நூல்களில் அதுவும் ஒன்று.

அதே காலத்தில் அங்கே படித்தவர்கள் ஜோய் ஹார்ஜோவும் ரீட்டா டவ்வும். ஹார்ஜோ 2019-இல் அமெரிக்க அரசவைக் கவிஞரானார். பூர்வகுடிகளில் அந்தப் பதவிக்கு வந்த முதல் கவிஞர். டவ் 1993-இலேயே அந்தப் பதவியில் அமர்ந்த கறுப்பினப் பெண். இத்தனை ஆற்றல் ஒரே வளாகத்தில் இருந்தும், தானும் ஹார்ஜோவும் வகுப்பில் வாய் திறந்ததில்லை என்று சிஸ்நெரோஸ் நினைவுகூர்கிறார். புறக்கணிப்பு அவருக்கு உந்துதலாக ஆனது என்று சிலர் இதை மகிழ்ச்சியான கதையாக முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எழுதாமலே வீடு திரும்பியவர்களின் பெயர் நம்மிடம் இல்லை.

இது பழைய கதை அல்லவா?

2014-இல், டொமினிக்கன் குடியரசில் பிறந்த அமெரிக்க எழுத்தாளர் ஹுனோட் டியாஸ் ஒரு கட்டுரையில், 1990-களில் தான் படித்த கார்னெல் வகுப்பு தாங்க முடியாத அளவுக்கு வெள்ளையாக இருந்தது என்று எழுதினார். அங்கே இனத்தைப் பற்றிய பேச்சே எழவில்லை, எழுந்தாலும் இலக்கியத்துக்குப் புறம்பானதாகக் கருதப்பட்டது என்பது அவர் குறை. நாடெங்கும் மாணவர்கள் எங்களுக்கும் இதே நிலைதான் என்று பதில் எழுதினார்கள். 2017-இல் வியட்நாமில் பிறந்த அமெரிக்க நாவலாசிரியர் வியெட் தான் நுயென், பட்டறைகள் நுணுக்கத்தைக் கற்பிக்கின்றன, வரலாற்றையும் அரசியலையும் வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன என்று எழுதினார். அவர் முந்தைய ஆண்டுதான் புலிட்சர் பெற்றிருந்தார்.

பன்மை என்ற பெயரில் தரம் குறைந்துவிடாதா?

இந்தக் கேள்விக்குள் ஓர் அனுமானம் இருக்கிறது: இப்போது நடப்பது தூய தகுதித் தேர்வு என்று. எண்களைப் பாருங்கள். 2020-இன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் லத்தீன் வழியினர் அல்லாத வெள்ளையர் 57.8 சதவீதம். அதே ஆண்டு நியூயார்க் டைம்ஸில் வெளியான ஓர் ஆய்வு, 1950 முதல் 2018 வரை பெரிய பதிப்பகங்கள் வெளியிட்ட, ஆசிரியரின் இனம் கண்டறியப்பட்ட ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆங்கிலப் புனைவு நூல்களை எடுத்துக்கொண்டது. 95 சதவீதம் வெள்ளையர் எழுதியவை. 2018-ஐ மட்டும் பிரித்துப் பார்த்தாலும் 89 சதவீதம். லீ அண்ட் லோ பதிப்பகம் 2019-இல் எடுத்த கணக்கெடுப்பில், பதிப்புத் துறையில் நூல்களைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர் குழுவினரில் 85 சதவீதத்தினர் வெள்ளையர். பல்கலைக்கழகங்களின் முழுநேர ஆசிரியர்களிலும் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் வெள்ளையரே.

கைப்பிரதியை வகுப்பில் வாசிப்பவர், பரிந்துரைப்பவர், வாங்குபவர் என மூன்று கட்டத்திலும் ஒரே பின்னணியினர் அமர்ந்திருக்கும்போது, தேறி வருவது திறமை மட்டும்தான் என்று எப்படி உறுதியாகச் சொல்வது? சேர்க்கைக் குழு 20, 30 பக்க மாதிரியை வைத்துத் தீர்மானிக்கிறது. மதிப்பெண் இல்லை, விடைக்குறிப்பு இல்லை, வாசிப்பவரின் ரசனைதான் அளவுகோல். அந்த ரசனை அகலமாக இருந்தால் தரம் கூடும் என்றே நான் நம்புகிறேன்.

நம் ஊர் இட ஒதுக்கீடு போன்றதா இது?

இல்லை. தமிழ்நாட்டில் 69 சதவீத இடங்கள் சட்டப்படி ஒதுக்கப்பட்டவை. அமெரிக்காவில் இனவாரியாக இடங்களை ஒதுக்கிவைப்பதை உச்ச நீதிமன்றம் 1978-இல் பாக்கி வழக்கிலேயே தடுத்துவிட்டது. விண்ணப்பத்தை எடைபோடும்போது இனத்தையும் பல கூறுகளில் ஒன்றாகக் கருதலாம் என்பது மட்டுமே எஞ்சியது. 2003-இல் மிச்சிகன் சட்டக் கல்லூரி வழக்கில் அது உறுதிசெய்யப்பட்டது. 2023 ஜூன் 29 அன்று, ஹார்வர்டு மற்றும் வட கரோலினா பல்கலைக்கழக வழக்குகளில் அதுவும் முடிவுக்கு வந்தது.

சில மாநிலங்களில் இந்தத் தடை முன்பே இருந்தது. கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு 1996-இல் வாக்கெடுப்பின் மூலமும், மிச்சிகனுக்கு 2006-இல் அதே வழியிலும் வந்தது. மதிப்புமிக்க சில எம்.எஃப்.ஏ. படிப்புகள் இந்த இரு மாநிலங்களில்தான் இருக்கின்றன. ஆகவே 2023 தீர்ப்பு எல்லோருக்கும் புதிய நிலைமை அல்ல.

2023-க்குப் பிறகு என்ன மாறியது?

இளங்கலையில் விளைவு உடனே தெரிந்தது, ஆனால் எங்கும் ஒன்றுபோல் இல்லை. எம்.ஐ.டி.யில் புதிதாகச் சேர்ந்தவர்களில் கறுப்பின மாணவர்கள் 13 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தார்கள். யேலில் 14 சதவீதம் அப்படியே நின்றது.

எம்.எஃப்.ஏ.யில் இப்படி அளக்க முடியாது. கார்னெல் ஆண்டுக்கு எடுப்பதே 8 பேரைத்தான். எட்டுப் பேரில் ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் சதவீதத்தால் எதுவும் விளங்காது. அந்த வகுப்பறையின் பேச்சோ அடியோடு மாறிவிடும்.

தீர்ப்பில் ஒரு வாசல் விடப்பட்டிருக்கிறது. இனம் தம் வாழ்வை எப்படிப் பாதித்தது என்று விண்ணப்பதாரர் எழுதினால் பல்கலைக்கழகம் அதைக் கருத்தில் கொள்ளலாம், தனி மனிதராக அவரை எடைபோடும் வரை. எழுத்துமாதிரியே முதன்மையாக இருக்கும் படிப்புக்கு இது முக்கியம். ஆனால் இதில் ஒரு சுமையும் உண்டு. தம் துயரத்தை எடுத்துக்காட்டினால்தான் இடம் என்று இளம் எழுத்தாளர்கள் நினைக்கத் தொடங்கினால், அது எழுத்துக்கு நல்லதல்ல.

மாநிலச் சட்டங்கள் வேறு. டெக்ஸஸ் தன் அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்மைக்கான அலுவலகங்களை 2024 ஜனவரி முதல் தடைசெய்துவிட்டது. வகுப்பறையில் ஆசிரியர் கற்பிப்பதை அந்தச் சட்டம் தொடவில்லை. ஆனால் முதல் தலைமுறை மாணவர் ஒருவர் சிக்கல் வந்தால் போய்ப் பேசும் இடம் இல்லாமல் போயிற்று.

பணம் எவ்வளவு முக்கியம்?

மிக முக்கியம். அமெரிக்க மத்திய வங்கியின் 2022 கணக்குப்படி, வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து மதிப்பு 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900 டாலர். எம்.எஃப்.ஏ. முடித்தால் வேலை உறுதி இல்லை. கடன் வாங்கித்தான் படிக்க வேண்டும் என்றால், விழுந்தால் தாங்கிக்கொள்ளக் குடும்பம் உள்ளவர்தான் துணிவார்.

அயோவா, மிச்சிகன், கார்னெல், ஆஸ்டினில் உள்ள மிச்செனர் மையம் போன்றவை கட்டணத்தைத் தள்ளுபடி செய்து உதவித்தொகையும் தருகின்றன. பல இடங்களில் அதற்கு ஈடாக இளங்கலை மாணவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டும். எல்லா மாணவருக்கும் சமமான முழு உதவி தரும் படிப்பு, பன்மையைப் பற்றி நீளமான அறிக்கை வெளியிட்டுவிட்டுக் கட்டணம் வாங்கும் படிப்பைவிட அதிகம் செய்கிறது. விண்ணப்பக் கட்டணத்தைக் கேட்பவருக்குத் தள்ளுபடி செய்வதும் அப்படித்தான். பத்து இடங்களுக்கு விண்ணப்பிப்பவருக்கு அதுவே பெருந்தொகை.

பல்கலைக்கழகங்கள் மாறும் வரை மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

தங்களுக்கான மேசையைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

1988-இல் பாஸ்டன் பகுதியில் சில கறுப்பின இளைஞர்கள் டார்க் ரூம் கலெக்டிவ் என்ற வாசிப்புக் குழுவைத் தொடங்கினார்கள். முந்தைய ஆண்டு மறைந்த ஜேம்ஸ் பால்ட்வினின் இறுதிச் சடங்குக்குப் போய்வந்ததுதான் தூண்டுதல்; மூத்தவர்களை அவர்கள் உயிரோடு இருக்கும்போதே சந்திக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. 1996-இல் டோய் டெரிகாட், கார்னீலியஸ் ஈடி என்ற இரு கவிஞர்கள் கேவ் கேனம் என்ற அமைப்பைத் தொடங்கிக் கறுப்பினக் கவிஞர்களுக்குக் கோடை முகாம் நடத்தினார்கள். பின்னர் முதல் நூலுக்குப் பரிசும் கொடுத்தார்கள். அந்தப் பரிசின் முதல் வெற்றியாளர் நடாஷா ட்ரெத்வே. 2002-இல் பெற்றவர் ட்ரேசி கே. ஸ்மித். இருவரும் முன்பு டார்க் ரூமில் இருந்தவர்கள். இருவரும் பின்னாளில் புலிட்சர் பெற்றார்கள், அரசவைக் கவிஞர்களும் ஆனார்கள்.

சிஸ்நெரோஸ் 1995-இல் சான் அன்டோனியோவில் தன் சமையலறை மேசையில் ஒரு பட்டறையைத் தொடங்கினார். 1999-இல் சான் பிரான்சிஸ்கோவில் வெள்ளையர் அல்லாத எழுத்தாளர்களுக்கு வோனா, 2004-இல் ஆசிய அமெரிக்க எழுத்தாளர்களுக்குக் குண்டிமான் என்று வரிசையாக வந்தன. சாண்டா ஃபேயில் உள்ள அமெரிக்கப் பூர்வகுடிக் கலைக் கல்லூரி 2013-இல் தன் சொந்த எம்.எஃப்.ஏ. படிப்பையே தொடங்கியது, சில ஆண்டுகளிலேயே அங்கு படித்த டாமி ஆரஞ்சின் முதல் நாவல் புலிட்சர் இறுதிப் பட்டியலுக்குப் போனது. பூர்வகுடி மாணவர் பூர்வகுடி ஆசிரியர்களிடம் படிக்கும் வகுப்பில், அடிப்படைகளை விளக்குவதில் நேரம் போவதில்லை. நேராக வாக்கியத்துக்குப் போய்விடலாம்.

பட்டறை முறை மாறியிருக்கிறதா?

சில இடங்களில் மாறியிருக்கிறது. எழுதியவரே கேள்விகளைக் கேட்டு உரையாடலை நடத்துவது, கருத்துச் சொல்லும் முன் மற்றவர்கள் அவரிடம் கேள்வி கேட்பது, இந்தக் கதையின் வாசகர் யார் என்று முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது எனப் பல வழிகள் பழகிவருகின்றன. மேத்யூ சலேஸஸ், ஃபெலிசியா ரோஸ் சாவேஸ் இருவரும் 2021-இல் இதற்காகவே தனித்தனி நூல்கள் எழுதினார்கள். எழுத்து நுணுக்கம் என்று நாம் கற்பது எல்லாமே ஏதோ ஒரு பண்பாட்டு வாசகரின் எதிர்பார்ப்புதான் என்பது சலேஸஸின் வாதம்.

நிறுவனம் பன்மையை விரும்புகிறது என்றால், என் சமூகத்தைப் பற்றியேதான் எழுத வேண்டுமா?

வேண்டாம். இந்த எதிர்பார்ப்பும் ஒரு சிறைதான். குடியேறிய குடும்பத்தின் வலியைத் தவிர வேறெதையும் ஆசிய எழுத்தாளரிடமிருந்து வாங்கத் தயங்கும் பதிப்பாளர், அவரைச் சேர்த்துக்கொண்டே ஒதுக்குகிறார். விண்வெளிக் கதையோ மீன்களைப் பற்றிய கவிதையோ, எதை எழுதினாலும் வெள்ளை மாணவருக்குக் கிடைக்கும் அதே கவனம் உங்களுக்கும் கிடைக்க வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிறவருக்கு இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், ஒரு வித்தியாசத்தோடு. விசாவில் வரும் மாணவர் அமெரிக்கக் கல்வித் துறைப் புள்ளிவிவரத்தில் ஆசியராகக் கணக்கிடப்படுவதில்லை. வெளிநாட்டவர் என்ற தனிப் பிரிவில் வருவார். அமெரிக்க அரசின் கல்விக் கடனும் கிடைக்காது. படிப்பு நடக்கும் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வளாகத்தில் வேலை செய்ய முடியாது. ஆகவே முழு உதவி தரும் இடங்களுக்கு மட்டும் விண்ணப்பிப்பதே பாதுகாப்பானது.

தமிழருக்கு இந்தப் பாதை புதிதல்ல. இலங்கைத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த அமெரிக்க எழுத்தாளர் வி.வி. கணேசானந்தன் அயோவாவில் படித்தார். இப்போது மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறார். 1980-களின் யாழ்ப்பாணத்தைப் பற்றிய அவருடைய நாவல் 2024-இல் பிரிட்டனின் பெண்கள் புனைவுப் பரிசைப் பெற்றது. அசோகமித்திரன் 1973-இல் அயோவா போனாரே என்று கேட்பவர்கள் உண்டு. அவர் கலந்துகொண்டது அதே பல்கலைக்கழகத்தின் சர்வதேச எழுத்தாளர் திட்டம். அது பட்டப்படிப்பு அல்ல. ஏற்கெனவே எழுதிவருபவர்களை அழைப்பது. அமெரிக்க வெளியுறவுத் துறை அதற்குத் தந்துவந்த நிதி 2025 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது.

இடம் கிடைத்துவிட்டது. சேரும் முன் எதையெல்லாம் விசாரிக்க வேண்டும்?

இணையதளத்தில் உள்ள புகைப்படங்களை நம்பி முடிவெடுக்க வேண்டாம். இப்போது படிக்கும் மாணவர்களிடம் நேரடியாகப் பேசுங்கள். துறை அலுவலகத்தில் கேட்டால் தொடர்பு ஏற்படுத்தித் தருவார்கள். வகுப்பில் எழுதியவர் பேசலாமா? கடந்த பருவத்தில் யார் யாருடைய நூல்களை வாசித்தார்கள்? வெள்ளையர் அல்லாத ஆசிரியர் நிரந்தரப் பணியில் இருக்கிறாரா, ஒரு பருவத்துக்கு வந்துபோகிறவரா? அவர் அடுத்த ஆண்டு விடுப்பில் போகிறாரா? இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஆய்வேட்டை வழிநடத்தக்கூடிய ஒரே ஆள் அந்த ஆண்டு இல்லாமல் போனால் நட்டம் உங்களுக்குத்தான். யாராவது இடையில் விலகியிருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

உதவித்தொகையோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் தருவதாகப் பெரும்பாலான அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதற்கு முன்பே முடிவு சொல்லும்படி யாராவது அவசரப்படுத்தினால், அந்தத் தேதியைக் குறிப்பிட்டு அவகாசம் கேளுங்கள்.